பார்க்காமல் வைத்த கையெழுத்து

1

போன வருடம் பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முதல் நாள், பெரிய சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சுவிஸில் ஆராவ் நகரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வைத்து நான் ஒருவனின் முகத்தில் குத்தினேன். அவன் என் நண்பன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பதினான்கு வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் செபமும் பாட்டும் நாடகமும் சொல்லிக் கொடுத்த கைதான் அது.

இந்த வருடத்துப் பெரிய சனியும் வந்து போய்விட்டது. அன்று மன்னாரில் இருந்து தங்கை தொலைபேசி எடுத்தாள். பாஸ்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, நீங்கள் அங்க ஒரு குடும்பத்தைப் பொலிஸிட்டப் பிடிச்சுக் குடுத்துப் பிரிச்சுப்போட்டீங்களாம். கோயிலடியில கதைக்கினம். மெய்யோ?”

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஆராவில் தும்மினால் அங்கே மன்னாரில் மருந்து சொல்லுவார்கள், அப்படி இருக்கிறது எங்கள் சனத்தின் தொலைபேசி. பாதிப்பேருக்கு நான் காட்டிக் கொடுத்தவன். மற்றப் பாதிப்பேருக்கு நான் சண்டியன். இரண்டும் முழுப் பொய் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். நல்லவன் என்று பேர் வாங்க எழுதவில்லை. அந்த ஆசை போய் ஒரு வருடமாகிறது.

இப்போது நான் இளையோர் குழுவில் இல்லை. இந்த நாட்டில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர், சம்பளம் இல்லாத தொண்டராக இருந்தாலும், குற்றப்பதிவு இல்லை என்று ஒரு கடதாசி எடுத்துக் கொடுக்க வேண்டும். சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என்னுடையது சுத்தமாக வருமோ வராதோ, விண்ணப்பிக்கவே நான் போகவில்லை.

2

நாங்கள் ஆராவை விட்டு துன் நகருக்கு வந்தது என் மனைவி றெஜினாவின் வேலைக்காக. அவளுக்கு அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. எனக்கும் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கும் பகுதியில் இடம் கிடைத்தது. ஆராவில் குடியிருப்புப் பதிவை வெட்டி, துன்னில் பதிவை ஒட்ட வேண்டும். நகரசபையில் நம்பர் துண்டு எடுத்து, ஒரு மணித்தியாலம் காத்திருந்து, கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கேட்டாள், எங்கே வசிக்கிறீர்கள் என்று.

“ஆராவில்” என்றேன்.

“அப்படியென்றால் ஏன் இங்கே வந்திருக்கிறீர்கள்?” என்றாள். பக்கத்தில் நின்ற என் மகள் அனிற்றா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவள் மூன்றே மாதத்தில் பேர்ன் பக்கத்துப் பேச்சைப் பிடித்துவிட்டாள். நான் எங்கள் பழைய ஆர்காவ் மாநிலத்து ஜெர்மனில் ஏதாவது சொன்னால் சிரிப்பாள்.

அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. வாய் தவறிச் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் என் மனது ஆராவில்தான் குடியிருந்தது. அங்கே தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில், சனிக்கிழமைகளில் இரண்டு மணியில் இருந்து ஐந்து மணிவரை, எங்கள் தமிழ்க் கத்தோலிக்க இளையோர் குழு கூடும். இருபத்து மூன்று பிள்ளைகள். எல்லாரும் இங்கே பிறந்ததுகள். குழுவைத் தொடங்கிய நாளில் இருந்து நான்தான் பொறுப்பு. வீடு மாறும்போது, குழுவில் வளர்ந்து இப்போது தாதியாக வேலை செய்யும் ஒரு பிள்ளை வந்து கேட்டாள், “அங்கிள், நான் எடுத்து நடத்தட்டோ?” என்று. “பாப்பம்” என்றேன். எங்கள் ஆட்கள் “பாப்பம்” என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

நான் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகள் சிதறிப்போகும் என்று நம்பினேன். அது தொண்டு இல்லை, செருக்கு. அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமைகளில் துன்னில் ரயில் ஏறி, பேர்னில் மாறி, ஆராவில் இறங்குவேன். றெஜினா வாசலில் நின்று பேசுவாள்.

“கிழமையில அஞ்சு நாள் ஹோட்டல்காரனுக்கு. சனிக்கிழமை ஆராவ்காரருக்கு. ஞாயிறு நித்திரைக்கு. இந்த வீட்டில ஆர் இருக்கிறம் எண்டாவது தெரியுமோ?”

அனிற்றா குழுவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். “எனக்கு அங்க அலுப்பு அப்பா” என்றாள். ஊரார் பிள்ளைகளுக்கு வழிகாட்டப் போகிறவனின் சொந்தப் பிள்ளை வராததை யாரும் கேட்டால், படிப்புக் கூட என்று சொல்லிச் சமாளித்தேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இரண்டு வருடம் ஓடியது.

ஒன்றை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆராவில் குடியிருந்தபோது அந்தப் பிள்ளைகளைக் கிழமை நாட்களிலும் கண்டேன். பஸ்ஸில், தமிழ்க்கடையில், உடுப்புத் தோய்க்கிற அறையில். யாருடைய அப்பா வேலை இழந்தார், யாருடைய வீட்டில் கதவு அடித்துச் சாத்தப்படுகிறது என்று கேட்காமலே தெரிந்தது. துன்னுக்கு வந்தபிறகு எனக்குக் கிடைத்தது வாரத்தில் மூன்று மணித்தியாலம். அந்த மூன்று மணித்தியாலத்துக்குப் பிள்ளைகள் நல்ல உடுப்புப் போட்டு, நல்ல முகம் வைத்துக்கொண்டு வரும்.

3

பெரிய வெள்ளியன்று எங்கள் குழு திருப்பாடுகளின் நாடகம் போடும். போன வருடம் யேசுவாக நிற்க ஒரு பையனும் சம்மதிக்கவில்லை. ஒருவனுக்குக் கால்பந்து, ஒருவனுக்கு வெட்கம். பிள்ளைகள் தங்களுக்குள் கை உயர்த்தி வாக்கெடுத்து ஷறோனைத் தெரிவு செய்தார்கள். பதினைந்து வயது. மெல்லிய, உயரமான, எதற்கும் முதலில் சிரிக்கிற பிள்ளை.

பெரியவர்கள் கொதித்தார்கள். “பொம்பிளைப் பிள்ளை யேசுவோ? ஊரில நடக்குமோ இது?”

அப்போது எழும்பி நின்றவன் ஷறோனின் அப்பா மரியதாஸ். “என்ர பிள்ளை நிக்கட்டும். ஆருக்கு என்ன நோகுது?” என்றான். சபை அடங்கிவிட்டது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மரியதாஸும் நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தவர்கள். என் அகதி மனு விசாரணை நாளன்று குளிர் உடுப்பு இல்லாமல் நின்றபோது தன்னிடம் இருந்த ஒரேயொரு ஜாக்கெட்டைக் கழற்றித் தந்தவன். பகலில் உணவகச் சமையல், பின்னேரத்தில் அலுவலகங்கள் கூட்டித் துடைப்பது என்று உழைத்தான். கோயில் திருநாளுக்கு முந்நூறு ரோல்ஸ் தனியாளாய் நின்று சுடுவான். அவனை யாரும் கெட்டவன் என்று சொன்னது கிடையாது.

நாடகத்தில் சனம் காத்திருப்பது கசையடிக் காட்சிக்கு. மன்னாரில் சணலைப் பிரித்துச் சாட்டை செய்வோம். இங்கே நான் ஹோட்டலில் கழித்துவிட்ட துடைப்பான்களின் பருத்தித் திரிகளைக் கொதிநீரில் அவித்துக் காயவைத்துப் பின்னுவேன். அதைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து அடித்தால் வெள்ளைச் சட்டையில் கோடு கோடாய் விழும். நோகாது, ஈரத்துணி பட்டதுபோல இருக்கும். முந்திய வருடங்களில் சாப்பாட்டுக்குப் போடுகிற நிறத்தைக் கரைத்தோம். மண்டபத்து வெளிச்சத்தில் அது செம்மஞ்சளாய்த் தோடம்பழச் சாறுபோலத் தெரிந்தது. அதனால் போன வருடம் நான் துணிக்குப் போடுகிற சாயம் வாங்கினேன். பெட்டியில் கையுறை போடச் சொல்லி எழுதியிருந்தது. யார் வாசித்தது?

குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள் சனிக்கிழமை கடைசி ஒத்திகை. சாயம் சட்டையைத் தாண்டித் தோலில் இறங்கிவிட்டது. ஷறோன் கைகழுவுகிற இடத்தில் நின்று கத்தினாள், “அங்கிள், இது போகுதில்லை!” கழுத்தும் கையும் செக்கச்செவேல் என்று. எல்லாரும் சிரித்தோம். ரெண்டு நாளில் போயிடும் என்றேன்.

சட்டைகள் காயும்வரை பிள்ளைகளுக்கு ஊர்க்கதை சொன்னேன். கோயிலில் செபம் படிப்பித்த எங்கள் உபதேசியாரின் கதை. அவரிடம் ஒரு பூவரசங்கம்பு இருந்தது. அதற்கு வானதூதரின் நினைவாக மிக்கேல் சம்மனசு என்று பேர் வைத்திருந்தார். மந்திரம் பிழைத்தால், “மிக்கேல் சம்மனசே, இறங்கி வாரும்” என்று சொல்லி எடுப்பார். பத்துக்கட்டளையில் ஆறாவதை விட்டதற்காக ஆறு அடி வாங்கினேன். ஏழாவதையும் விட்டிருந்தேன், அது அவருக்குத் தெரியாது. இந்தக் கதையை நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். நடித்துக் காட்டி, அடி விழுந்த இடத்தைத் தடவி, துள்ளித் துள்ளிச் சொல்வேன். எல்லாரையும்விட ஷறோன்தான் கூடச் சிரிப்பாள்.

அன்றைக்கு அவள் கேட்டாள், “பிறகு அங்கிள்? வீட்டில அம்மா ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அம்மாவோ? அவ தன்ர பங்குக்கு இன்னும் ரெண்டு போட்டவ. அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவான், பிள்ளை. அம்மா அப்பா அடிக்கிறது அன்பாலதான்.”

அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

இன்னொரு அடி எனக்கு விழுந்தது. அதை நான் ஒருபோதும் கதையாகச் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில், சுற்றிவளைப்பில் பிடிபட்டு, மூன்று நாள் ஓர் ஆமி முகாமில் கிடந்தேன். பிளாஸ்ரிக் குழாய்க்குள் மணல் அடைத்து முதுகில் அடித்தார்கள். வெளியில் காயம் அதிகம் தெரியாது, சில கறுத்த தடங்கள் மட்டும். உள்ளே சதை கலங்கிவிடும். வெளியே வந்து ஒரு மாதம் குப்புறப் படுத்தேன். மரியதாஸுக்கும் அப்படித்தான் நடந்தது. அகதி முகாமில் சட்டை மாற்றும்போது ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தோம், ஒன்றும் கேட்கவில்லை.

4

செவ்வாய்க்கிழமை காலை. ஹோட்டலின் நாலாம் மாடியில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். மரியதாஸ் தொலைபேசி எடுத்தான்.

“மச்சான், உன்ர சாயத்தால எனக்குப் பெரிய வில்லங்கம். நேற்று நீச்சல் பாடத்தில ரீச்சர் ஷறோனின்ர முதுகைக் கண்டிட்டா. வீட்டில அடிக்கிறமோ எண்டு கேக்கினம். இண்டைக்கு மூண்டு மணிக்கு வரட்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள் மச்சான். நீ வந்து சொல்லு.”

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. துடைப்பான் திரிக்கும் சாயத்துக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்களோ? எங்களைக் கண்டால் இவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். வேலையில் ஆள் மாற்றிக்கொண்டு, மண்டபத்தில் போய்ச் சாயப்பெட்டியையும் சாட்டையையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

வகுப்பாசிரியையும் பள்ளிக்கூடத்துச் சமூகப் பணியாளர் ஒருவரும் இருந்தார்கள். மரியதாஸ் வெள்ளைச் சட்டை போட்டு, கைகட்டி, கதிரை நுனியில் இருந்தான். நான் நாடகத்தை விளக்கினேன். சாட்டையை என் கையிலேயே அடித்துக் காட்டினேன். ஆசிரியை சிரித்தார். சமூகப் பணியாளர் சிரிக்கவில்லை.

“அந்தப் பிள்ளையின் முதுகை நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“ஓம்” என்றேன்.

ஜெர்மன் விளங்காமல் சொன்ன பதில் இல்லை. சமையலறை ஜெர்மனுக்கே விளங்குகிற கேள்வி அது. நான் பார்த்தது கழுத்தையும் கையையும். முதுகைப் பார்க்கவில்லை. பதினைந்து வயதுப் பொம்பிளைப் பிள்ளையின் முதுகைக் காட்டென்று நான் எப்படிக் கேட்பது? அப்படிக் கேட்காதது மரியாதை. பார்த்தேன் என்று சொன்னது பொய். அந்த நேரத்தில் எனக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது.

ஷறோனைத் தனியாக அழைத்தும் கேட்டார்கள். அவளும் சாயம் என்றே சொன்னாளாம். நான் குழுவின் பொறுப்பாளர் என்று பேர் எழுதி, ‘இத்தால் உறுதிப்படுத்துகிறேன்’ என்று தொடங்கும் கடிதத்தில் கையெழுத்து வைத்தேன். தொடர்ந்து கவனித்துக்கொள்வோம் என்று சமூகப் பணியாளர் சொன்னார். வெளியே வந்ததும் மரியதாஸ் என்னைக் கட்டிப்பிடித்தான். ஷறோன் பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

ரயிலில் திரும்பி வரும்போது எனக்குப் பெருமை. ஆராவை விட்டு வந்தாலும் ஆபத்துக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

5

பெரிய வெள்ளியன்று அனிற்றாவும் என்னோடு வந்தாள். ஷறோன் அவளுடைய சின்ன வகுப்புத் தோழி. “ஷறோன் நடிக்கிறதைப் பாக்க வாறன்” என்றாள். எனக்குச் சந்தோசம்.

மண்டபம் நிறைந்த சனம். கசையடிக் காட்சி வந்தது. நான் திரைக்குப் பின்னால் சாயவாளியோடு நின்றேன். திரிகள் ஈரத்தில் ஊறிப் பாரமாக இருந்தன. படைவீரராக இரண்டு பையன்கள். பன்னிரண்டு அடி. ஒன்பதாவது அடிக்கு யேசு விழ வேண்டும் என்று பழக்கியிருந்தேன்.

மூன்றாவது அடிக்கே அவள் விழுந்துவிட்டாள். கம்பத்தைப் பிடித்திருந்த கை வழுகி, முழங்காலில் விழுந்து, தொண்டைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. ஒத்திகையில் அந்தச் சத்தம் இருக்கவில்லை. அடித்த பையன் சாட்டையை நிறுத்தித் திரும்பி என்னைப் பார்த்தான்.

நான் திரைக்குப் பின்னால் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: “அடி! நிப்பாட்டாத. அடியடா!”

அவன் அடித்தான். பன்னிரண்டையும் அடித்தான். முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். “என்ன நடிப்பு, என்ன நடிப்பு” என்று எனக்கே கண்ணீர் வந்தது. முடிந்தபிறகு மரியதாஸ் மேடைக்கு வந்து மகளின் தலையில் முத்தமிட்டான். சனம் கைதட்டியது.

திரும்பும் ரயிலில் அனிற்றா யன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். ஓல்ட்டன் நிலையம் தாண்டியபிறகு வாய் திறந்தாள்.

“அப்பா, அது நடிப்பு இல்லை.”

“எது?”

“ஷறோன் விழுந்தது. அவளுக்கு முதுகெல்லாம் காயம். போன சனிக்கிழமை ஒத்திகை முடிஞ்சு வீட்டை போக, ரெலிபோனில ஒரு பொடியன்ர மெசேஜைக் கண்டிட்டு தாஸ் அங்கிள் பெல்ற்றால அடிச்சவர். செவ்வாய்க்கிழமை நீங்கள் கடிதம் குடுத்திட்டு வந்தபிறகு, வெள்ளைக்காரருக்கு முன்னால மானத்தை வாங்கிப்போட்டாய் எண்டு திரும்பவும் அடிச்சவர். இது ரெண்டு மூண்டு வருசமா நடக்குது.”

நான் எழும்பி அவளுக்கு எதிரே போய் இருந்தேன்.

“உனக்குத் தெரியுமோ? மற்றப் பிள்ளையளுக்கு?”

“எல்லாருக்கும் தெரியும்.”

“அப்ப ஏனடி ஒருத்தரும் என்னட்டச் சொல்லேல்லை?”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “சொன்னா நீங்கள் என்ன சொல்லுவீங்கள்? அன்பாலதான் அடிக்கிறது எண்டுவீங்கள். அந்தக் கதையைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பீங்கள். லாகரில கெவினுக்கு அறைஞ்சது மறந்துபோச்சோ? நீங்களும் அடிக்கிற ஆள்தானே அப்பா. உங்களிட்ட ஆர் வந்து சொல்லுவினம்?”

நான்கு வருடத்துக்கு முன், லாகர் என்று இங்கே சொல்லுகிற கோடைப் பாசறையில், ஏரியில் எல்லை தாண்டி நீந்திப்போன கெவினைக் கரைக்கு இழுத்து ஓங்கி அறைந்தேன். பயத்தில் அறைந்தேன். பெற்றோர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள். அதை நான் மறந்தேவிட்டேன். பார்த்துக்கொண்டு நின்ற இருபது பிள்ளைகள் மறக்கவில்லை.

மரியதாஸ் இரண்டாம் தரம் பெல்ற்றை எடுத்தபோது அவனுக்குப் பயம் இருந்திருக்காது. எந்தக் காயத்தைக் கண்டாலும் சாயம் என்று சொல்ல என் கையெழுத்து அவனிடம் இருந்தது.

“இப்பவே பொலிஸுக்கு எடுங்கோ அப்பா” என்றாள் அனிற்றா. றெஜினாவும் வீட்டில் அதையே சொன்னாள். நான் கேட்கவில்லை. பொலிஸ் ஏன்? எங்கள் ஆட்களுக்குள் கதைத்து முடிக்க வேண்டிய விசயம். நாளைக்கு நேரே போய்க் கதைக்கிறேன் என்றேன். அந்த ஓர் இரவையும் அந்தப் பிள்ளை அந்த வீட்டில்தான் கழித்தது.

6

கதைக்கத்தான் போனேன். படியேறும்வரை அப்படித்தான் எண்ணினேன்.

மரியதாஸ் கதவைத் திறந்தான். பெனியனோடு, கையில் தேத்தண்ணிக் கோப்பை. “வா மச்சான், நேற்று நாடகம் அந்தமாதிரி, அருமை” என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்குக் கண் இருண்டது.

“பிள்ளைக்கு பெல்ற்றால அடிச்சனியோ?”

அவன் கோப்பையைச் சப்பாத்துத் தட்டின் மேல் வைத்தான். “என்ர பிள்ளை. நான் வளக்கிறன். நீ துன்னில இரு.”

குத்தினேன். என் மோதிரம் பட்டு அவனுடைய உதடு பிளந்தது. கோப்பை விழுந்து உடைந்தது. அவன் முதலில் திருப்பி அடிக்கவில்லை, உதட்டைத் தொட்டு விரலைப் பார்த்தான். “நீயுமோடா?” என்றான். பிறகு என் கழுத்தைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். நான் அவனைக் கதவுக்கு வெளியே, படிகளை ஒட்டிய நடைக்கு இழுத்தேன். முகத்தில், விலாவில், தோளில் என்று கை போன இடமெல்லாம் அடித்தேன். இருபத்தைந்து வருட நட்பு. அடிக்க அடிக்க எனக்குள் ஒரு சுகம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு முன் மணல் குழாயால் அடித்தவனை அடிக்கிறதுபோல இருந்தது. மரியதாஸுக்கும் தன் மகளை அடிக்கும்போது அப்படித்தான் இருந்திருக்குமோ, தெரியாது.

முதுகில் குத்து விழுந்தது. திரும்பினேன். ஷறோன். இரண்டு கையையும் பொத்தி என் முதுகில் மாறி மாறிக் குத்திக்கொண்டிருந்தாள்.

“விடுங்கோ! அப்பாவை விடுங்கோ! ஏன் வந்தனீங்கள்? ஆர் உங்களை வரச் சொன்னது?”

மேல்மாடிச் சுவிஸ் பெண்மணி உடுப்புக் கூடையோடு தோய்க்கிற அறைக்குப் போக வந்தவர், படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கூடையை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். நான் செய்திருக்க வேண்டியதை அவர் அரை நிமிடத்தில் செய்தார்.

7

பொலிஸார் இரண்டு பேர் வந்தார்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். மரியதாஸ் வாசற்படியில் இருந்து உதட்டைத் துணியால் பொத்திக்கொண்டு நல்ல ஜெர்மனில் சொன்னான்: இந்த மனிதர் என் வீட்டுக்கு வந்து என்னை அடித்தார். அது உண்மை.

நான் சொன்னேன். “ஓம், அடித்தேன். இவர் மகளை அடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் கொடுத்த கடிதம் பொய். அந்த முதுகை நான் பார்க்கவேயில்லை.” அந்தச் சின்ன வசனங்களுக்குள் ஜெர்மனில் இரண்டு பிழை விட்டேன். பொலிஸ்காரி குறித்துக்கொண்டார்.

ஷறோன் சுவரோடு ஒட்டி நின்றாள். பொலிஸ்காரி அவளுடன் மெதுவாக ஏதோ கதைத்து, அவளையும் அவளுடைய அம்மா எமில்டாவையும் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எமில்டா எனக்குத் தங்கை மாதிரி. சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. மரியதாஸ் என்னைப் பார்க்கவில்லை. மற்றப் பொலிஸ்காரர் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார்.

பொலிஸ்காரி வெளியே வந்து நேரே என்னிடம் வந்தார்.

“நாடகத்துக்கு என்ன நிறச் சாயம் பாவித்தீர்கள்?”

“சிவப்பு.”

“நீலம்? மஞ்சள்? பச்சை?”

“இல்லை” என்றேன். “சிவப்பு மட்டும்தான்.”

அவர் தலையாட்டி எழுதினார். மரியதாஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். விரல்களுக்கிடையால் தமிழில் சொன்னான், “எனக்கு வேற வளக்கத் தெரியாதடா.” யாருக்குச் சொன்னான் என்று தெரியவில்லை.

ஷறோன் வெளியே வந்தாள். இன்று இங்கேயே இருக்க விருப்பமா, தங்களோடு வர விருப்பமா என்று பொலிஸ்காரி அவளிடம் கேட்டார். அவள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து சப்பாத்தைப் போடத் தொடங்கினாள். முதுகை வளைக்க முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டு போட்டாள். உதவி செய்ய நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவள் பின்னால் நகர்ந்தாள். நின்றுவிட்டேன்.

எமில்டா உள்ளே போய் ஒரு பயணப் பையோடு வந்தார். எனக்குப் புரியவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எப்படி அடுக்கினார்? திறந்து காட்டினார்: உடுப்பு, பள்ளிக்கூடப் புத்தகம், மகளின் காப்புறுதி அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. எப்போது அடுக்கினீர்கள் என்று பொலிஸ்காரி கேட்க, எமில்டா என் பக்கம் திரும்பினார். அழவில்லை. குரலும் உயரவில்லை.

“போன திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில இருந்து கூப்பிட்ட உடனேயே கட்டினனான், அண்ணை. ஆராவது வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். செவ்வாய்க்கிழமை நீங்கள் கையெழுத்து வைச்சிட்டுப் போயிட்டீங்கள். பிரிச்சுத் திரும்ப அலுமாரியில அடுக்கினனான். நேற்று நாடகம் முடிஞ்சு வந்து மறுபடி கட்டினனான்.”

நான் பையை வாங்கக் கையை நீட்டினேன். கீழே வரைக்கும் தூக்கிக்கொண்டு போகலாம் என்று.

எமில்டா என் கையைப் பார்த்தார். மோதிரத்தில் இன்னும் இரத்தம் இருந்தது. பையை என்னைத் தாண்டிக் கொண்டுபோய்ப் பொலிஸ்காரியிடம் கொடுத்தார்.